அப்பாவின் சேமநிதிப் பணம் போய்விட்டது, ஒன்பது நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்

பட்டர்வொர்த்_மகள்
திங்கள், இரவு 11:18

வணக்கம். இங்கே வந்து படித்துவிட்டுப் போவேனே தவிர எழுதியதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவுக்கு 61 வயது. பினாங்கில், பிறை வட்டாரத்தில் ஒரே தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்தவர். ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தில் வீட்டுக் கடனை அடைத்தது போக, அம்மாவின் வைத்தியத்துக்கென்று 46,000 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) தொடாமல் வைத்திருந்தார். அதில் 38,500 வெள்ளி இப்போது இல்லை.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால், புதன்கிழமை காலை. அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம். வருமான வரி வாரியத்திலிருந்து பேசுகிறோம் என்று ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறாள். ஜொகூரில் அப்பா பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறதாம், 60,000 வெள்ளி வரி பாக்கியாம். ஜொகூரில் எனக்கு ஒன்றுமே இல்லையம்மா என்று அப்பா சொல்ல, அப்படியானால் யாரோ உங்கள் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், உடனே போலீசில் புகார் கொடுங்கள், நானே லைனைக் கொடுக்கிறேன் என்று மாற்றிவிட்டாள். அந்தப் பக்கம் வாக்கி டாக்கி இரைச்சல், யாரோ யாரையோ அதட்டும் சத்தம். அப்புறம் ஓர் இன்ஸ்பெக்டர் பேசினார். அப்பாவின் ஐசி (அடையாள அட்டை) எண், வீட்டு முகவரி, பழைய தொழிற்சாலையின் பெயர் எல்லாவற்றையும் அவரே வாசித்தார். போதைப்பொருள் கும்பலின் பணம் அப்பாவின் பெயரில் உள்ள ஒரு கணக்கு வழியாகப் போயிருக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் பெயரும் படமும் போட்ட கைது ஆணை வாட்ஸ்அப்பில் வந்தது.

உங்கள் பணம் சுத்தமானதா என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா சோதிக்க வேண்டும், சோதித்ததும் திருப்பித் தருவார்கள் என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள். புதன் 10,000, வியாழன் 10,000, வெள்ளி 10,000, சனி 8,500. பணம் போன கணக்குகளில் இருந்தது தனிமனிதர்களின் பெயர். அதைக்கூட அப்பா கேட்டிருக்கிறார். அவர்கள் விசாரணைக்குப் பொறுப்பான அதிகாரிகள் என்றார்களாம். வீட்டில் சொன்னால் வீட்டாரும் உடந்தையாகக் கருதப்படுவார்கள் என்று ஒவ்வொரு அழைப்பிலும் எச்சரிக்கை.

சனிக்கிழமை இரவோடு அந்த எண் அணைந்துவிட்டது. அப்பா ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்கு 2,000 வெள்ளி முன்பணம் கட்ட வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இன்று மாலை நான் அவர் போனை வாங்கி மீதித் தொகையைப் பார்த்தேன். அவர் எழுந்து போய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். என் அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை.

மோசடிப் புகாருக்கான 997க்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். பேங்கின் அவசர எண்ணுக்கும் பேசியாயிற்று. எட்டு மணிக்குக் காவல் நிலையத்தில் ரிப்போர்ட் போட்டோம். இனி என்ன செய்ய வேண்டும்? திரும்பக் கிடைக்க வழி உண்டா? அவர் இரவு சாப்பிடவும் இல்லை.

பழைய_காசாளர்
திங்கள், இரவு 11:52

வணக்கம்மா. நான் ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். 28 வருடம் வங்கியில் வேலை, கடைசி ஆறு வருடம் வாடிக்கையாளர் புகார்களைப் பார்த்தேன். முதலில் ஒன்று. இன்று ஒரே மாலையில் நீங்கள் செய்த மூன்றும் சரி. அவரை இன்றிரவு தனியாக விடாதீர்கள். சாப்பிடாவிட்டாலும் பக்கத்தில் யாராவது இருங்கள்.

இனி உண்மையைச் சொல்கிறேன், கசப்பாகத்தான் இருக்கும். இப்படிப் போகும் பணம் முதல் கணக்கில் தங்காது. வந்து விழுந்த சில நிமிடங்களில் மூன்று நான்கு கணக்குகளாகப் பிரியும், அங்கிருந்து மறுபடி பிரியும், அப்புறம் ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். அந்தக் கணக்குகளைத்தான் மியூல் கணக்கு என்கிறோம், சுமை தூக்கும் கோவேறு கழுதை மாதிரி. 997 என்ற எண்ணை வைத்திருக்கும் தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையம் 2022 அக்டோபரில் தொடங்கியது, போலீசும் பேங்க் நெகாராவும் வங்கிகளும் தொலைத்தொடர்பு ஆணையமும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்யத்தான். 2024இல் வங்கிகளுக்கிடையே பணத்தின் தடத்தைத் தானாகவே பின்தொடரும் ஒரு தளத்தையும் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் பணம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடிப்பதற்கானது. ஒன்பது நாள் கழித்து என்றால் எங்காவது ஒரு கணக்கில் மிச்சம் முடங்கிக் கிடந்தால்தான் உண்டு. கிடக்கலாம். அதனால் விடக்கூடாது.

நாளைக் காலை செய்ய வேண்டியது. அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அவமானத்தில் அப்பா அழித்துவிடப் பார்ப்பார், பலர் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன். முழுவதையும் ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். நான்கு பரிமாற்றங்களின் ரசீதையும் எடுங்கள். ரிப்போர்ட்டின் நகலோடு கிளைக்கு நேரில் போய் எழுத்தில் புகார் கொடுங்கள், முத்திரை வைத்த ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன புகார் பின்னால் எதற்கும் உதவாது.

வங்கி தன் இறுதி முடிவைக் கடிதமாகத் தரும். திருப்தி இல்லையென்றால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து எஃப்எம்ஓஎஸ். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அப்பா தன் கையாலேயே அனுப்பியிருக்கிறார். வேறு யாரோ உள்ளே நுழைந்து எடுத்த வழக்கைவிட இது கடினம். அவ்வளவு பெரிய தொகை, புதுப் பெயர்கள், தொடர்ந்து நான்கு நாள் - வங்கி ஏன் ஒரு முறைகூட அழைத்துக் கேட்கவில்லை என்பதுதான் நீங்கள் எழுப்ப வேண்டிய கேள்வி.

கடைசியாக, அப்பா போனில் ஏதாவது செயலியை நிறுவச் சொன்னார்களா என்று கேளுங்கள். சொல்லியிருந்தால் அந்தப் போனில் வங்கி வேலை எதையும் செய்யாதீர்கள். மீதி 7,500ஐ அம்மா பெயருக்கு மாற்ற நேரில் போங்கள்.

கம்பத்து_வாசி
செவ்வாய், காலை 7:05

வருத்தமாக இருக்கிறது சகோதரி. ஆனாலும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வானொலியில் சொல்கிறார்கள், பத்திரிகையில் தினம் வருகிறது, பேங்க் வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். 31 வருடம் வேலை பார்த்த மனிதர் எப்படி நம்பினார்? நம்மவர்கள் கொஞ்சம் யோசிக்கப் பழக வேண்டும்.

செந்தூல்_ஆசிரியை
செவ்வாய், காலை 7:40

@கம்பத்து_வாசி, அண்ணா, இந்தக் கேள்விக்கு பயந்துதான் அந்த அப்பா ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை. தயவு செய்து அதை யோசித்துப் பாருங்கள்.

நான் ஆசிரியை. பள்ளியில் பெற்றோர்களுக்கு இணைய மோசடி பற்றி ஸ்லைடு போட்டுப் பேசியவள். போன தீபாவளிக்கு முன்னால் நானே 4,700 வெள்ளி இழந்தேன். வீட்டைச் சுத்தம் செய்து தருவதாக ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம், நான்கு மணி நேரத்துக்கு 80 வெள்ளி. வாட்ஸ்அப்பில் பேசினேன். நாள் குறிக்க எங்கள் செயலியை இறக்குங்கள் என்று ஒரு கோப்பை அனுப்பினார்கள். ஏபிகே கோப்பு. பிளே ஸ்டோரில் இருந்து வந்ததல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று கையில் இரண்டு வகுப்புத் தேர்வுத்தாள், அடுப்பில் முறுக்கு. முன்பணம் 10 வெள்ளிதானே என்று கட்டப் போனேன். பேங்க் பக்கம் போலவே ஒரு பக்கம் வந்தது, பெயரும் கடவுச்சொல்லும் போட்டேன், ஏதோ கோளாறு என்று காட்டியது. சரி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் நான் போட்டதெல்லாம் அவர்களுக்குப் போயிற்று. பணம் அனுப்ப அனுமதி தரும் டேக் எண் போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வந்தது, அதை அந்தச் செயலியே படித்து அனுப்பியிருக்கிறது.

இரவு 1:20க்கு இரண்டு முறை பணம் போனது. என் கணவர் டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டு விழித்திருந்தார், போன் மின்னியதைக் கண்டு என்னை எழுப்பினார். 1:35க்குள் பேங்குக்குச் சொல்லிவிட்டோம். இரண்டாவதாகப் போன 2,200 அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்தப்பட்டு, நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. முதலாவது வரவே இல்லை. என்னிடமிருந்து பணம் எடுத்ததும் இவர் அப்பாவிடமிருந்து எடுத்ததும் ஒரே மாதிரி ஆட்கள்தான். எனக்குப் பதினைந்து நிமிடத்தில் தெரிந்தது, அவருக்குத் தெரிந்தும் சொல்ல முடியவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

இன்னொன்று. 2022இல் பேங்க் நெகாரா சொன்னதற்குப் பிறகு வங்கிகள் எஸ்எம்எஸ் டேக்கை விட்டுவிட்டுச் செயலிக்குள்ளேயே அனுமதி கேட்கும் முறைக்கு மாறி வருகின்றன. ஒரே ஒரு போனில்தான் அனுமதி கொடுக்க முடியும், புதிதாகப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். நல்லதுதான். அதனால் இப்போது அவர்கள் போனில் நம்மோடு பேசிக்கொண்டே, இப்போது ஒரு அறிவிப்பு வரும், அனுமதி என்பதை அழுத்துங்கள் என்கிறார்கள். நீங்களாகத் தொடங்காத எதற்கும் அழுத்த வேண்டாம். வங்கிச் செயலிகளில் கணக்கை உடனே முடக்கும் அவசர வசதி ஒன்றும் இருக்கிறது. இன்றே உங்கள் செயலியில் அது எங்கே இருக்கிறது என்று தேடி வையுங்கள். நடு இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது, நான் தேடினேன், கை நடுங்கியது.

பிரிக்பீல்ட்ஸ்_கணினி
செவ்வாய், காலை 10:12

அப்பாவின் ஐசி எண், முகவரி எல்லாம் எப்படித் தெரிந்தது என்று வீட்டில் குழம்பிக்கொண்டிருப்பீர்கள். அப்பா யாரிடமும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. 2017இல் நம் நாட்டில் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தன. பெயர், ஐசி எண், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருந்தன. அதுவே முதலும் கடைசியும் அல்ல. ஆகவே ஒருவர் உங்கள் ஐசி எண்ணைச் சரியாகச் சொன்னால், அவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது என்று மட்டுமே பொருள். திரையில் தெரியும் எண்ணும் சாட்சி அல்ல, காவல் நிலைய எண் போலவே காட்ட முடியும். வைத்துவிட்டு, அந்த அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள். அவர்களே லைன் மாற்றிக் கொடுப்பதை ஏற்காதீர்கள்.

போலீஸ் கைது ஆணையை வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. பேங்க் நெகாரா பொதுமக்களின் பணத்தைக் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்வதும் இல்லை. இந்த இரண்டையும் அம்மா அப்பாவிடம் ஒரு முறை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

மருமகனின்_அத்தை
செவ்வாய், மதியம் 1:26

எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என் அண்ணன் மகன், 19 வயது, கோலாலம்பூரில் படிக்கிறான். கல்லூரி நண்பன் ஒருவன், உன் ஏடிஎம் கார்டையும் ஆன்லைன் பெயரையும் ஒரு மாதத்துக்குக் கொடு, என் மாமா கம்பெனிக்கு வரவு செலவு பார்க்க வேண்டும், 400 வெள்ளி தருகிறேன் என்றிருக்கிறான். இவனும் கொடுத்துவிட்டான். அறை வாடகை பாக்கி இருந்ததாம். எங்களிடம் கேட்க வெட்கம்.

மூன்று வாரத்தில் கணக்கு முடங்கியது. ஒரு மாதத்தில் ஈப்போவில் இருந்து போலீஸ் கூப்பிட்டார்கள். ஓர் ஓய்வு பெற்ற பெண்மணியின் 14,000 வெள்ளி அவன் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. அவன் பார்க்கவே இல்லாத பணம். இரண்டு நாள் தடுப்புக் காவலில் இருந்தான். அண்ணி அந்த இரண்டு நாளும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. இப்போது ஒரு வங்கியும் புதுக் கணக்குத் திறந்து கொடுக்கவில்லை. பகுதி நேர வேலைச் சம்பளம் வாங்கக்கூட வழியில்லை.

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முன்பு ஒரு சந்து இருந்தது. தண்டனைச் சட்டத்தைத் திருத்தி 2024 அக்டோபர் 31 முதல் கணக்கை, கார்டை மற்றவரிடம் கொடுப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சும்மா எச்சரிக்காதீர்கள். கையில் காசு இல்லையா என்று முதலில் கேளுங்கள். எங்கள் பையனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பட்டர்வொர்த் தங்கச்சி, உங்கள் அப்பாவின் பணம் போன கணக்குகளில் இவனைப் போல ஒரு பிள்ளையின் பெயர் இருக்கலாம். எழுதவே கூசுகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்_மகள்
செவ்வாய், இரவு 9:47

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. அந்தப் பையனுக்கு நல்லது நடக்கட்டும்.

இன்று கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். நல்ல வேளை, நேற்று இரவே வாட்ஸ்அப்பை நகல் எடுத்துவைத்தேன். காசாளர் ஐயா சொன்னது போலவே அப்பா காலையில் அதை அழித்திருக்கிறார். செயலி எதையும் நிறுவச் சொல்லவில்லையாம்.

போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்களைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஏற்கெனவே புகார்கள் இருக்கின்றன. இன்னொன்றில் ஒன்றுமில்லை. அப்படியானால் அது யாருடையது?

இன்னொரு விஷயம். இந்த இழையைப் பார்த்துவிட்டு ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். பணத்தை மீட்டுத் தரும் நிபுணராம், இண்டர்போலில் ஆள் தெரியுமாம், 1,500 வெள்ளி முன்பணம். அப்பா, கேட்டுத்தான் பாரேன் என்கிறார்.

மட்டுறுத்துநர்
செவ்வாய், இரவு 9:58

அந்தக் கணக்கு நீக்கப்பட்டது. வேறு யாருக்காவது அப்படிச் செய்தி வந்திருந்தால் பதில் எழுதாமல் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

பழைய_காசாளர்
செவ்வாய், இரவு 10:31

வேண்டாம்மா. தயவு செய்து அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பணத்தை இழந்தவர்களைத் தேடி வரும் இரண்டாவது கூட்டம் இது. சில நேரம் முதல் கூட்டமேதான், பட்டியல் அவர்களிடம்தானே இருக்கிறது. பணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியவர்கள் போலீசும் வங்கியும். இருவரும் அதற்குக் காசு வாங்குவதில்லை. புகார் பிரிவில் நான் பார்த்ததில் மனதை மிகவும் உறுத்தியது, கையில் மீந்திருந்த கொஞ்சத்தையும் இப்படிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான்.

செமாக் மியூல் பற்றி. அது போலீசின் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை நடத்துவது. ஏற்கெனவே ரிப்போர்ட் ஆன கணக்கும் போன் எண்ணும்தான் அதில் வரும். நேற்றுத் திறந்த கணக்கு, இன்றுதான் முதல் ஆளை ஏமாற்றுகிறது என்றால் வெறுமையாகவே காட்டும். பெயர் வந்தால் விலகிவிடுங்கள், வராவிட்டால் அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டூயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றத்தில் அனுப்புமுன் கணக்குக்காரர் பெயர் திரையில் வரும், அந்த இடத்தில் நின்று படியுங்கள். அரசாங்க இலாகாவுக்குக் கட்டும் பணம் ஒரு தனிமனிதர் பெயருக்குப் போகாது. உங்கள் அப்பா அதைக் கேட்டிருக்கிறாரே, அவருக்குப் புத்தி இருந்தது. பயம் அதை அமுக்கிவிட்டது.

லோரி_கெப்போங்
புதன், காலை 6:15

கடன் தருகிறோம் என்று வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வரி. 10,000 கடனுக்கு முதலில் பத்திரச் செலவு 600, அப்புறம் காப்புறுதி 900 என்று கேட்டுக்கொண்டே போனார்கள். எனக்குக் கடன் வரவில்லை, 1,500 போனது. 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி ஈடு இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18, ஈடு உள்ளதற்கு 12 விழுக்காடுதான் உச்ச வட்டி, உரிமம் கொடுப்பது வீடமைப்பு ஊராட்சி அமைச்சு. அமைச்சின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். கடன் கைக்கு வருமுன் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

கம்பத்து_வாசி
புதன், இரவு 8:20

@செந்தூல்_ஆசிரியை, நீங்கள் எழுதியதை நேற்றிலிருந்து பல முறை படித்தேன். பட்டர்வொர்த் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான் கேட்ட கேள்வி, என்னை நானே பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

பினாங்கில் 2017 வாக்கில் எங்கே பார்த்தாலும் பண விளையாட்டுப் பேச்சுதான். ஜேஜேபிடிஆர் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். மாதம் 20 விழுக்காடு தருகிறோம் என்றார்கள், அந்த வருடமே சரிந்தது. நான் போட்டது அதில் இல்லை, அதே மாதிரி இன்னொன்றில். என்னைக் கூட்டிப் போனவர் கோவில் கமிட்டியில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். முதல் மூன்று மாதம் சொன்னபடி வந்தது. வந்ததை நம்பித் தங்கச்சி கணவரையும் சேர்த்துவிட்டேன். எனக்கு 12,000, அவருக்கு 8,000. அவருடைய 8,000ஐ மிகைநேர வேலை செய்து நான்கு வருடத்தில் கொடுத்து முடித்தேன். என் 12,000 பற்றி வீட்டுக்காரிக்கு இன்று மாலை வரை தெரியாது. இந்த இழையை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் சொன்னேன். அவளுக்கு ரொம்ப நாளாகவே தெரியுமாம். நான் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறாள்.

இந்த மாதிரித் திட்டங்களில் முதலில் வரும் லாபம் நமக்குப் பின்னால் சேர்ந்தவரின் முதல். அதைப் புரிந்துகொள்ள எனக்கு 12,000 வெள்ளி ஆனது. இப்போது அதுவே டெலிகிராமில் தமிழ்க் குழுவாக வருகிறது, தெரிந்த அமைச்சர் பேசுவது போலச் செயற்கை நுண்ணறிவில் செய்த காணொளியோடு. பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். நம்ம ஆள் சொன்னார் என்பதைக் காரணமாக வைக்காதீர்கள். அவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார்.

பழைய_காசாளர்
புதன், இரவு 9:02

தம்பி, எழுதியதற்கு நன்றி. பினாங்குக்கு மட்டும் உரியதல்ல இது. எண்பதுகளின் கடைசியில் தைப்பிங்கில் பாக் மான் தெலோ என்பவர் மாதம் பத்து விழுக்காடு தருகிறேன் என்று சொன்னபோது கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அன்று வாட்ஸ்அப் இல்லை, உறவும் ஊரும்தான் பாலம்.

நம் வழக்கத்தில் ஒன்று இருக்கிறது, கூட்டுப் பிடிப்பது. நம் தமிழ்ச் சொல்லே மலாயில் குத்து ஆகி, சட்டத்தின் பெயரிலும் போயிருக்கிறது, 1971ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டம். தோட்டத்தில் பத்துப் பெண்கள் மாதம் 50 வெள்ளி போட்டு ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்ததில் என் அம்மா எனக்குப் பள்ளிச் சீருடை வாங்கியிருக்கிறார். அங்கே எல்லோருக்கும் எல்லோருடைய லயத்து வீடும் தெரியும். இன்று அதே பெயரைச் சொல்லி, முகம் தெரியாத நூறு பேரை ஒரு குழுவில் சேர்த்து, ஒருத்தி அத்தனையையும் எடுத்துக்கொண்டு எண்ணை மாற்றிவிடுகிறாள். அதைத் தொழிலாக நடத்துவது குற்றம் என்பதால் பணம் போட்டவர்கள் புகார் கொடுக்கவும் தயங்குகிறார்கள். ஏமாந்தவர் தயங்காமல் போகலாம்.

பட்டர்வொர்த்_மகள்
ஞாயிறு, மாலை 5:33

விசாரணை அதிகாரி நேற்று அழைத்தார். இரண்டாவது கணக்கில் 3,150 வெள்ளி முடக்கப்பட்டிருக்கிறது. அதில் எவ்வளவு எங்களுக்கு, எப்போது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதாம், அதே கணக்கில் வேறு இருவரின் பணமும் விழுந்திருக்கிறது. மற்றவை கிடைக்கும் என்ற நம்பிக்கை தரவில்லை. பேங்கின் கடிதத்துக்குக் காத்திருக்கிறோம். அம்மாவின் முன்பணத்தை நானும் தம்பியும் கட்டிவிட்டோம்.

அப்பாவிடம் இந்த இழையை முழுவதும் படித்துக் காட்டினேன். கம்பத்து அண்ணன் எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அப்புறம், நானும் எழுதலாமா என்று கேட்டார். கீழே இருப்பது அவர் சொல்லச் சொல்ல நான் தட்டியது.

"எல்லோருக்கும் வணக்கம். நான் ஏன் நம்பினேன் என்று கேட்டீர்கள். முதல் நாள் நான்கு மணி நேரம் போனை வைக்கவே விடவில்லை. வைத்தால் தப்பி ஓடியதாகப் பதிவாகும் என்றார்கள். கழிப்பறைக்குப் போவதற்கும் அனுமதி கேட்டேன். இரண்டாம் நாள் ஒருவர் தமிழில் பேசினார். ஐயா, பயப்படாதீர்கள், நானும் நம்ம ஆள்தான், உங்களை எப்படியாவது இதிலிருந்து வெளியே எடுக்கிறேன் என்றார். அவ்வளவு நேரம் பயந்தவனுக்கு அந்தக் குரல் தெய்வம் பேசியது போல இருந்தது. மற்றவர்களைவிட அவன் மேல்தான் எனக்குக் கோபம்.

வெள்ளிக்கிழமை காலை மாமாக் கடையில் பழைய கூட்டாளி ஒருவர், என்னப்பா முகம் வாடியிருக்கு என்று கேட்டார். ரத்த அழுத்தம் என்று சொல்லிவிட்டேன். அப்போது 20,000 போயிருந்தது. பிறகு போன 18,500 அப்போது இன்னும் என்னிடம்தான் இருந்தது.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்றால், மகள் அரசாங்க வேலையில் இருக்கிறாள். வெளியே தெரிந்தால் விசாரணை அவள் மேல் திரும்பும், வேலை போகும் என்றார்கள். அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் ஏமாந்துவிட்டேன் என்று தெரிந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அதனால்தான் ஒன்பது நாள்."

என் வேலை பற்றிச் சொன்னதை இப்போது தட்டும்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன்.

செந்தூல்_ஆசிரியை
ஞாயிறு, மாலை 6:10

ஐயா, நீங்கள் சொன்னதை அப்படியே அச்செடுத்து அடுத்த பெற்றோர் கூட்டத்தில் படிக்கலாமா? பெயர், ஊர் எதுவும் வராது. ஸ்லைடுகளை இந்த முறை எடுத்துப் போகப் போவதில்லை.

பட்டர்வொர்த்_மகள்
ஞாயிறு, மாலை 6:24

படியுங்கள் என்கிறார் டீச்சர். தமிழில் பேசியவனைப் பற்றிய பகுதியைக் கட்டாயம் படிக்கச் சொன்னார்.

பழைய_காசாளர்
ஞாயிறு, இரவு 8:45

அண்ணே, உங்களுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு, இருந்தாலும் அண்ணே என்றே கூப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை அந்த மாமாக் கடையில் கேட்டவர் யாரோ, அவரிடமும் ஒரு நாள் சொல்லிவிடுங்கள். அவர் உங்களைக் கவனித்திருக்கிறார்.

பேங்க் கடிதம் வந்ததும் எஃப்எம்ஓஎஸ் படிவத்தை நாம் சேர்ந்து நிரப்புவோம். செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு வேலை இல்லை. நான் ஃபெரி ஏறி வந்துவிடுகிறேன், அந்தப் பக்கம் இறங்கியதும் மகளுக்குத் தனிச்செய்தி போடுகிறேன். அதுவரை ஒரு வேலை. அந்த நான்கு நாளும் யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வரிசை தப்பினால் பரவாயில்லை, நான் வந்து அடுக்கிக்கொள்கிறேன். ரிப்போர்ட் நகல், நான்கு ரசீது, முத்திரை வைத்த புகார்க் கடிதம், ஐசி. இவை போதும்.

பட்டர்வொர்த்_மகள்
ஞாயிறு, இரவு 9:03

நோட்டு வாங்கி வரச் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை பசியாறாமல் வாருங்கள் ஐயா, அம்மா தோசைக்கு ஊறப்போடுகிறார்.